போர்வெல் வண்டியிலிருந்து வந்த ஜுரம்: ஒரு மலேரியா கேஸ், தாமதம் எங்கே நடந்தது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆள் பிழைத்துக்கொண்டார். அதனால் பதற்றமில்லாமல் படிக்கலாம். யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக ஊர், வயது, இரண்டொரு தேதி எல்லாம் மாற்றியிருக்கிறேன். கடலூர் மாவட்டத்தில் சுகாதார ஆய்வாளர் வேலை எனக்கு. ஒரு மலேரியா கேஸ் பதிவானால் வீட்டுக்குப் போய் விசாரித்து, எங்கே பிடித்தது என்று எழுதி, சுற்றுவீடுகளில் ரத்தம் எடுத்து, கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். வழக்கமாக இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். இந்தக் கேஸ் அப்படி முடியவில்லை. தாமதமான சிகிச்சை என்று எழுத வேண்டிய கட்டத்தில் யார் தாமதம் என்று எழுதுவது என்பதிலேயே நின்றுவிட்டது.

ஆளுக்கு 27 வயது. விருத்தாசலத்துக்கு மேற்கே, வேப்பூர் பக்கம் ஒரு கிராமம். மானாவாரி பூமி, மக்காச்சோளம், பருத்தி, மழை பெய்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அந்தப் பக்கத்து இளைஞர்கள் கொஞ்சப் பேர் போர் வண்டிக்குப் போவார்கள். திருச்செங்கோட்டு வண்டிகள் இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடுவது தெரிந்த விஷயம்தான். இவர் ஹெல்பர். ராடு மாட்டுவது, கழற்றுவது, கேசிங் பைப் இறக்குவது, கம்ப்ரசருக்கு டீசல் பார்ப்பது. வண்டி அப்போது ஒடிசாவின் மல்கான்கிரி மாவட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒட்டிச் சத்தீஸ்கரின் சுக்மா, தெற்கே ஆந்திரா. இன்று இந்த மாநிலத்தில் ஒரு பாயிண்ட், நாளன்றைக்கு அந்த மாநிலத்தில் ஒரு பாயிண்ட் என்று வேலை போகும். பாதி வேலை ராத்திரியில்தான். தூக்கம் வண்டியின் மேலேயே தார்ப்பாய் விரித்து. கொசுவலை கிடையாது. மலேரியாவைப் பரப்புகிற அனாபிலிஸ் கொசு கடிப்பதும் ராத்திரியில்தான்.

மல்கான்கிரி எப்பேர்ப்பட்ட இடம் என்று தெரிந்தால்தான் இந்தக் கேஸ் புரியும். பலிமேலா அணைத் தண்ணீரால் துண்டாகி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் படகை நம்பியே பல்லாண்டுகள் இருந்தன. குருப்பிரியா பாலம் திறந்தது 2018 ஜூலையில்தான். அந்த மாதிரி ஊர்களில் ஜுரம் வந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் மூளை மலேரியா ஆகிவிடும். அதற்காகத்தான் ஒடிசா அரசு 2017 வாக்கில் தமன் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. ஜுரம் இருக்கிறதோ இல்லையோ, எட்டாத ஊர்களில் மழைக்கு முன்னும் பின்னும் முகாம் போட்டு ஊரையே சோதிப்பது, ஒட்டுண்ணி இருந்தால் அங்கேயே மருந்து கொடுப்பது. கூடவே ஒரு கோடிக்கு மேல் மருந்து தோய்த்த கொசுவலைகள். 2017க்கும் 2018க்கும் நடுவில் அந்த மாநிலத்து மலேரியா 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. ஊருக்கு ஊர் ஆஷா என்று ஒரு பெண் பணியாளர் இருப்பார், அவர் பையில் ரேபிட் கிட் இருக்கும். விரல் நுனியில் ஒரு சொட்டு, இருபது நிமிடத்தில் பதில், பாசிட்டிவ் என்றால் அட்டையோடு மாத்திரை, எல்லாம் இலவசம்.

இப்போது நடந்ததுக்கு வருவோம்.

தீபாவளிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் அந்த வண்டியில் இரண்டு பேருக்கு ஜுரம். ஒருவர் சத்தீஸ்கர் பையன், கூலிக்குச் சேர்ந்தவன். அவன் யாரிடமும் கேட்கவில்லை, வண்டி நின்ற கிராமத்து ஆஷா வீட்டுக்குச் சாயங்காலம் நடந்து போய் ரத்தம் கொடுத்துவிட்டு மாத்திரையோடு திரும்பிவிட்டான். இன்னொருவர் நம்ம ஆள். அவர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். முதலில் பாஷை தெரியாது என்றார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மற்றதெல்லாம் வந்தது. ஆஷா என்று ஒருவர் இருப்பதே அவருக்குத் தெரியாது. தெரிய நியாயமும் இல்லை, தமிழ்நாட்டில் மலைப்பகுதிகளைத் தாண்டி ஆஷாக்கள் பெரிதாகக் கிடையாது, நமக்கு வி.எச்.என். (கிராமச் சுகாதாரச் செவிலியர்) அம்மாதான். அது அந்த ஊர்க்காரர்களுக்கான ஆஸ்பத்திரி போல என்று நினைத்தாராம். போதாக்குறைக்கு, ஒரு ஹெல்பர் குறைந்தால் அந்த ராத்திரி வண்டி நிற்கும், வண்டி நின்றால் மேனேஜர் முகம் மாறும், தீபாவளிக்குக் கையில் வாங்க வேண்டிய பணம் மேனேஜரிடம் இருக்கிறது. "ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போறோம், அங்க போய் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன் சார்" என்றார்.

இவ்வளவும் எல்லைப்புறத் தாமதம்தான், ஆனால் தூரத்தால் வந்ததல்ல. டெஸ்ட் அவர் படுத்திருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அந்த ஆஷாவின் பதிவேட்டில் ஊர்க் குடும்பங்கள் இருக்கும், மூன்று நாள் நின்றுவிட்டுப் போகிற வண்டியும் அதன் ஆட்களும் எந்த ஊர்ப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார்கள்.

அடுத்து நடந்தது, நாங்கள் கேட்காமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியாமலேயே போயிருக்கும். விசாரணைக்குப் போனபோது அவர் மனைவி துணிப்பையை உதறி எடுத்துக் காட்டினார். பையின் ஓரத்தில் ஒரு வெள்ளை மாத்திரை அட்டை, ஓரம் கிழிந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. மலேரியாவில் உயிருக்கு ஆபத்தான வகையான ஃபால்சிபாரத்துக்கு அரசு கொடுக்கிற கூட்டு மருந்து அட்டை வயதுக்கு ஒரு நிறத்தில் வரும், பெரியவர்களுக்கு வெள்ளை. மூன்று ஆர்ட்டிசுனேட் மாத்திரை, நாளுக்கொன்று. முதல் நாளில் அதோடு சல்பாடாக்சின்-பைரிமெத்தமின் இரண்டு. சத்தீஸ்கர் பையன் இரண்டு நாள் போட்டதும் ஜுரம் விட்டுவிட்டது, மூன்றாம் நாள் மாத்திரையைப் பெருந்தன்மையாக இவருக்குக் கொடுத்துவிட்டான். இவருக்கும் மறுநாளே ஜுரம் இறங்கிவிட்டது.

இந்த ஒரு மாத்திரைதான் கேஸையே குழப்பியது. ஆர்ட்டிசுனேட் வேகமான மருந்து, ஒரு வேளையிலேயே ரத்தத்தில் இருக்கிற ஒட்டுண்ணியை ஆயிரத்தில், பல்லாயிரத்தில் ஒன்றாகக் குறைத்துவிடும். ஆனால் உடம்பை விட்டுச் சில மணி நேரத்தில் போயும்விடும். மிச்சம் இருக்கிறது மறுபடி பெருகும். ஃபால்சிபாரம் 48 மணி நேரத்துக்கு ஒரு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் பத்து மடங்கு வரை ஏறலாம். அந்தக் கணக்குப்படி ஒரு வாரம் ஆள் நன்றாக இருப்பார், பிறகு ஜுரம் திரும்பும். அப்படியே ஆயிற்று. ஜெய்ப்பூர் (ராஜஸ்தானில் உள்ளது இல்லை, ஒடிசாவிலேயே இருக்கிற ஊர்) வரை லாரியில் வந்து, அங்கிருந்து சாலூர் வழியாக விஜயநகரம் பஸ், பிறகு ரயில், விருத்தாசலத்தில் இறங்கி வீடு. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, கறி எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார். மறுநாள் சாயங்காலம் குளிர் ஜுரம். இரண்டு போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது என்றார் அம்மா.

இனி நடப்பதெல்லாம் நம் மாவட்டத்தில்.

மறுநாள் மெடிக்கல் ஷாப்பில் மூன்று வகை மாத்திரை. மூன்றாம் நாள் ஊருக்குப் பக்கத்து டவுனில் ஒரு கிளினிக், ஊசி, ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக். நடுவில் வியர்த்துக் கொட்டி ஜுரம் இறங்கும், அன்றைக்கு எழுந்து உட்கார்ந்து டீ குடிப்பார், சரி விட்டுவிட்டது என்று நினைத்தால் மறுபடி நடுக்கம். ஐந்தாம் நாள் இன்னொரு இடம், அங்கே ரத்தப் பரிசோதனை. பிளேட்லெட் 84 ஆயிரம். டெங்கு என்.எஸ்.1 நெகட்டிவ். வைடால் பாசிட்டிவ். ஐப்பசி கார்த்திகையில், பிளேட்லெட் குறைந்து வருகிற எந்த ஜுரமும் கடலூரில் டெங்குதான், டெங்கு இல்லையென்றால் டைபாய்டு. வைடால் டெஸ்ட் பழைய தொற்றுக்கும், டைபாய்டுக்குச் சம்பந்தமே இல்லாத வேறு ஜுரங்களுக்கும் கூடப் பாசிட்டிவ் காட்டும், அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்று எத்தனையோ வருடமாகச் சொல்லியும் அது சாகிறபாடாக இல்லை. ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். வீட்டில் பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் குடிநீர்.

அந்த லேப் சீட்டை வாங்கிப் பார்த்தேன். அச்சடித்த பட்டியலில் டெங்குவுக்கு டிக், டைபாய்டுக்கு டிக், சிறுநீருக்கு டிக். அதே பட்டியலில் நாலாவது வரி மலேரியா ஸ்மியர், ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. டிக் இல்லை.

ஏழாம் நாள் கண் மஞ்சளாயிற்று. சிறுநீர் கோலா நிறத்தில் போனது. மஞ்சக்காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாது என்பது நம் ஊர்ப் பக்கம் எழுதாத சட்டம். எட்டாம் நாள் விடியற்காலை வெறும் வயிற்றில் பச்சிலை மருந்து கொடுக்கிற இடத்துக்கு ஆட்டோவில் கூட்டிப்போனார்கள். கீழாநெல்லி அரைத்து ஆட்டுப்பாலில், மூன்று வேளை, உப்பில்லாப் பத்தியம். ஒன்பதாம் நாள் ராத்திரி ஆள் பெயர் மாற்றிக் கூப்பிட ஆரம்பித்தார், ராடு எண்ணிக்கை சொல்லிக்கொண்டே இருந்தார், கூப்பிட்டால் திரும்பவில்லை. 108 வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் முதலுதவி, அங்கிருந்து புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரி.

அங்கே கண்டுபிடித்தது ஒரு லேப் டெக்னீஷியன். பிளேட்லெட் எண்ணிக்கையைச் சரிபார்க்க எடுத்த ஸ்மியரில், சிவப்பணுக்களுக்குள் மோதிரம் மோதிரமாக. நூற்றுக்கு ஆறு சிவப்பணுவில் ஒட்டுண்ணி. அதுகூடப் பெரிதில்லை, பிறை வடிவத்தில் கேமிட்டோசைட்டுகளும் இருந்தன, கடிக்கிற கொசுவுக்குத் தொற்றுவது ஒட்டுண்ணியின் இந்த வடிவம்தான். ஃபால்சிபாரத்தில் பிறை ரத்தத்துக்கு வர பத்துப் பன்னிரண்டு நாளாவது ஆகும், ஆக இது நேற்று வந்த தொற்றில்லை என்று அந்தக் கண்ணாடித் துண்டே சொல்லிவிட்டது. கிரியாட்டினின் 3.6, சிறுநீரகமும் அடி வாங்கியிருந்தது. உடனே ஆர்ட்டிசுனேட் நரம்பு வழியாக, கிலோவுக்கு 2.4 மில்லிகிராம், எடுத்ததும் ஒன்று, 12 மணி நேரத்தில் ஒன்று, 24 மணி நேரத்தில் ஒன்று, பிறகு தினம் ஒன்று. மூன்றாம் நாள் மனைவி பெயரைச் சரியாகச் சொன்னார். டயாலிசிஸ் வரை போகவில்லை. வாய்வழி மருந்தை முழுசாக முடித்து, பிறையைக் கொல்ல ஒரு வேளை பிரைமாக்குவின் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ரத்தம் குறைந்தது. ஊசி ஆர்ட்டிசுனேட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் சிலருக்குச் சிவப்பணு உடைவது உண்டு, அதனால் நான்கு வாரம் வாரந்தோறும் ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னது நல்லதாய்ப் போயிற்று.

சரி, கணக்குக்கு வருவோம். ஜுரம் திரும்பியதிலிருந்து மலேரியா என்ற பெயர் வருவதற்குள் ஒன்பது நாள். அதில் முதல் இரண்டு நாள் வீட்டிலும் மெடிக்கல் ஷாப்பிலும் போனது, கடைசி இரண்டு நாள் கீழாநெல்லியில். மிச்சம் ஐந்து நாள் டாக்டர்களின் முன்னால், ஊசியும் ட்ரிப்ஸும் ஏறிக்கொண்டிருக்கும்போதே போனது. ஜுரம் கண்ட 24 மணி நேரத்துக்குள் டெஸ்டும் மருந்தும் என்பதுதான் மலேரியாவுக்கு உள்ள விதி. மல்கான்கிரிக் காட்டுக்குள் இருக்கிற பையனுக்கு அது அன்று சாயங்காலமே நடந்தது. சந்துக்குச் சந்து லேப் போர்டு தொங்குகிற ஊரில் நடக்கவில்லை.

படிவத்தில் இதற்கெல்லாம் ஒரே வரிதான், நோயாளி தாமதமாக வந்தார் என்று. பெரும்பாலும் அதைத்தான் எழுதுகிறோம், எழுதுவதும் சுலபம். பிரசவ மரணங்களை ஆராய்ந்தவர்கள் 1994லேயே தாமதத்தைப் பிரித்துப் பார்த்தார்கள்: போகலாம் என்று முடிவெடுப்பதில் ஒன்று, போய்ச் சேர்வதில் ஒன்று, போன இடத்தில் சரியான சிகிச்சை கிடைப்பதில் ஒன்று. எல்லைப்புற மலேரியா பற்றிப் பேசினால் எல்லோரும் முதல் இரண்டையும் பேசுவார்கள், ரோடு இல்லை, படகு இல்லை, பூசாரியிடம் போனார்கள். மூன்றாவது தாமதம் எல்லையைத் தாண்டி ஊருக்குள் வந்த பிறகு நடக்கிறது, அதை யாரும் எல்லைப்புறக் கணக்கில் சேர்ப்பதில்லை.

டாக்டர்களைத் திட்டுவது என் நோக்கம் இல்லை. தமிழ்நாட்டில் மலேரியா என்றால் பெரும்பாலும் சென்னை, ராமேஸ்வரம் பக்கம், அதுவும் வைவாக்ஸ் என்ற, அவ்வளவு ஆபத்தில்லாத வகை. வேப்பூரில் கிளினிக் வைத்திருக்கிற டாக்டர் ஃபால்சிபாரம் பார்த்து எத்தனை வருடம் இருக்கும்? உள்ளூரில் இல்லாத நோய் மனதில் வராது, அது இயல்பு. அதற்குத்தான் ஒரு கேள்வி வேண்டும்: ஒரு மாதத்துக்குள் வெளியூர் எங்கேயாவது போனீங்களா? இலங்கையில் 2012க்குப் பிறகு உள்ளூரிலேயே வேரூன்றிப் பரவுகிற மலேரியா இல்லை, 2016ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்துவிட்டது. ஆனாலும் அங்கே மலேரியா இயக்கத்தை மூடவில்லை. வெளிநாடு போய் வந்து ஜுரம் என்றால் மலேரியா பார் என்று டாக்டர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நம் நாட்டுக் கதையும் தெரிந்ததுதான், 1965ல் வருடத்துக்கு ஒரு லட்சம் கேஸ் என்று இறங்கியது, 1976ல் 64 லட்சம் ஆனது.

இன்னொன்று வேடிக்கை. புதுச்சேரி இந்திரா நகரில் 1975லிருந்து வி.சி.ஆர்.சி. இருக்கிறது, கொசுவழி நோய்களுக்கான ஐ.சி.எம்.ஆர். நிறுவனம். மல்கான்கிரிக்குப் பக்கத்து மாவட்டமான கோராபுட்டில், இவர் பஸ் ஏறிய அதே ஜெய்ப்பூரில், அவர்களுக்குப் பல்லாண்டுகளாகக் கள நிலையம் உண்டு. அந்தக் காட்டுக் கொசுவைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அந்தக் காட்டு ஜுரத்தோடு வந்தவருக்குத்தான் பேர் வைக்க ஆளில்லை.

அவர் தரப்பிலும் ஒரு விஷயம் மறைந்திருந்தது. ஒடிசாவில் வேலை பார்த்ததைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். மாத்திரை போட்டதை மட்டும் கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார், அடுத்தவன் மாத்திரை, அரசாங்க மாத்திரை, ஏதாவது பிரச்சினை வருமோ என்று பயம். மனைவிக்கே தெரியாது.

எங்கள் பக்கத்து வேலையையும் எழுதிவிடுகிறேன். கேஸ் புதுச்சேரியில் பதிவானது, ஆள் தமிழ்நாடு, தொற்றியது ஒடிசாவிலோ சத்தீஸ்கரிலோ. ஒரு குவார்ட்டர் பாட்டில் எல்லை தாண்டினால் ஆல்பேட்டை செக்போஸ்டில் அரை மணியில் தெரிந்துவிடும், மலேரியா ரிப்போர்ட் அதே எல்லையைத் தாண்டி வேப்பூர் வந்து சேர நாளாயிற்று. அதற்குள் பிறையோடு அவர் ஒன்பது நாள் ஊரில் கொசுவலை இல்லாமல் படுத்திருந்தார் என்பதுதான் எங்கள் கவலை. தொட்டி, கிணறு, சிமென்ட் தொட்டி எல்லாம் பார்த்தோம். அனாபிலிஸ் புழு தண்ணீர் மட்டத்தில் படுத்த வாக்கில் கிடக்கும், மற்றவை தலைகீழாகத் தொங்கும், கரண்டியில் மொண்டு பார்த்தாலே தெரியும். தெருக்கோடியில் பாழடைந்த கிணறு ஒன்றில் படுத்த புழு இருந்தது. அபேட் என்ற புழுக்கொல்லி மருந்து ஊற்றினோம், பிறகு கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன் விட்டோம். சுற்றுவீடுகளில் ஜுரம் உள்ளவர், இல்லாதவர் எல்லோருக்கும் ஸ்மியர் எடுத்தோம், ஒரு மாதம் தொடர்ந்து ஜுரம் விசாரித்தோம். ஒன்றும் இல்லை. அது எங்கள் திறமையா, மழை நின்று காற்று மாறியதால் வந்த அதிர்ஷ்டமா என்று கேட்டால் இரண்டாவதுதான் என்பேன்.

வண்டியில் இருந்த மற்றவர்களைத் தேடியதில் கள்ளக்குறிச்சி பக்கத்து ஆள் ஒருவருக்கு ரத்தத்தில் வைவாக்ஸ் இருந்தது, ஜுரமே இல்லாமல். குளோரோக்குவின் மூன்று நாள், கல்லீரலில் ஒளிந்திருப்பதற்குப் பிரைமாக்குவின் 14 நாள். ஆறாம் நாளே வண்டிக்குக் கிளம்பிவிட்டார், நன்றாகத்தானே இருக்கிறேன் என்று. மீதி மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

மேனேஜரிடம் போனில் பேசினேன். முதலில் வேண்டாவெறுப்பாகப் பேசினார், பிறகு ஐ.சி.யு. பில், ஆள் விடுப்பு எல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தோ என்னவோ இறங்கி வந்தார். "அந்தக் கிட்டு எங்க சார் கிடைக்கும், வண்டிக்கு ஒரு டப்பா வாங்கிப் போட்டுடுறேன்" என்றார். கிட் வாங்கி வண்டியில் வெயிலில் வைத்தால் கெட்டுவிடும், பாசிட்டிவ் வந்தாலும் மருந்து கையில் இருக்காது. வண்டி நிற்கிற ஊரில் ஆஷா வீடு எது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கு ஜுரம் என்றாலும் அன்றைக்கே அனுப்புங்கள், அந்த ராத்திரிச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள் என்றேன். முதல் இரண்டுக்கும் சரி என்றார். மூன்றாவதுக்கு ஓனரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.